நான்காவது ஆள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். நீயும் அத்தானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? ஆறு வருடம் பேச்சுமூச்சில்லாமல் கிடந்துவிட்டு இப்போது நலம் விசாரிக்க வந்துவிட்டான் பார் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. உன் புது நம்பர் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் உன் குரலைக் கேட்டதும் போனை வைத்திருப்பேன்.

எனக்கு உடம்பு சரியில்லை. பயப்படாதே, டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். லிஃப்டுக்குள் கால் வைத்தால் மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான். நாற்பது கட்டிடத்து லிஃப்டுகளுக்கு நான் சூப்பர்வைசர். இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போகிறேன். "என்ன சார், எக்ஸர்சைஸா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

அதனால் பழையபடி தியானத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் புத்தரின் பஞ்சசீலம் எடுத்துக்கொண்டு வந்து, கொசுவைக்கூட அடிக்க விடாமல் உன் உயிரை வாங்கினேனே, நினைவிருக்கிறதா? வேலைக்குச் சேர்ந்ததும் அதெல்லாம் காற்றோடு போயிற்று. இங்கே ஒரு டயர் கடைக்கு மேலே உள்ள அறையில் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். ஒரு சின்ன புத்தர் சிலை, பாய்கள், ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடும் சுவர்க்கடிகாரம். நடத்துகிறவர் முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் நர்ஸம்மா என்கிறார்கள். ஊசி போடும்போது எப்படிப் பேசியிருப்பாரோ அப்படியேதான் தர்மமும் பேசுகிறார். போன வாரம் மறுபடி சீலம் எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல ஐந்தையும் திருப்பிச் சொல்ல வேண்டும். நான்காவதில் எனக்கு இருமல் வந்துவிட்டது.

அத்தானைக் கேட்டதாகச் சொல். அந்த விபத்துக்கு அப்புறம், விசாரணை முடிந்த மறுவாரமே மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பியவன் நான். அவர் வலது கையைக் கட்டுப் பிரித்த பிறகு பார்க்கவே இல்லை. இப்போது எப்படி இருக்கிறது?

பதில் போடு. போடாவிட்டாலும் திட்டமாட்டேன்.

உன் தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் மட்டும் மாலையில் சொன்னபடி கேட்பதில்லை. கண்ணாடிக் கடையில்தான் இன்னும் இருக்கிறேன். நாள் முழுக்க ஊராருக்கு எழுத்துப் பலகையைக் காட்டி "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்கிற வேலை. தெரியாததைத் தெரிகிறது என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். கண் விஷயத்திலும் மனுஷனுக்குக் கௌரவம்.

லிஃப்ட்காரனுக்கு லிஃப்டைக் கண்டால் பயம் என்றால் வெளியே சொல்லாதே, சிரிப்பார்கள். நீ தியானம் செய்வதில் எனக்குச் சந்தோஷம்தான். உன்னைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவள் நான். உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிடம் இருக்கமாட்டாய்.

அத்தானைக் கேட்டிருந்தாய். கை வலிக்கிறது என்று இப்போதெல்லாம் சொல்வதில்லை. யாரிடமும் கோபதாபமும் இல்லை.

அது சரி, அந்த நான்காவது சீலம் எது? எனக்கு வரிசை மறந்துவிட்டது.

மருந்து மாத்திரை ஏதாவது கொடுத்திருந்தால் ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் போட்டதே எனக்குப் பாதி மருந்து. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? அத்தானைத் தேய்த்துவிடச் சொல், இடது கை நன்றாகத்தானே இருக்கிறது.

நான்காவது, பொய் சொல்லாமல் இருப்பது. அன்றைக்குக் கீழே டயர் எரிந்த நாற்றம். அதில்தான் இருமல் வந்தது.

நர்ஸம்மா இப்போது மைத்திரி தியானம் கற்றுக்கொடுக்கிறார். கேட்டால் சுலபம்போல இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நாலு ஆட்களுக்கு வரிசையாக நல்லது நினைக்க வேண்டும். முதலில் தனக்கு. அப்புறம் பிரியமானவர், அது நீதான். மூன்றாவது வேண்டியவரும் இல்லை வேண்டாதவரும் இல்லை என்கிற மாதிரி ஒருவர். அதற்குக் கீழ்க்கடை டயர்காரரை வைத்துக்கொண்டேன். நான்காவது, நமக்கு ஆகாதவர். "இவர் நலமாக இருக்கட்டும், பகையில்லாமல் இருக்கட்டும்" என்று மனம் இளகும்வரை சொல்ல வேண்டும்.

நான்காவது ஆளாக அத்தானை வைத்திருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வீட்டில் ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இப்படி ஆகிவிட்டோம். அதைச் சரிசெய்ய நான் என் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன் என்று அவரிடம் சொல். நாலு நாளாக அவர் முகத்தை முன்னால் நிறுத்தப் பார்க்கிறேன். டயர்காரர் முகம் வருகிற வேகத்தில் அவர் முகம் வரமாட்டேன் என்கிறது.

வெயிலில் அலையாதே.

உன் தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

நான் நலம். கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதினால் கைக்கு வந்ததை எழுதுவேன் என்று மூன்று வாரம் ஆறப்போட்டேன். ஆறவில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

அத்தான் உனக்கு ஆகாதவரா? எந்த வகையில்? உன்னைக் கம்பெனியில் சேர்த்துவிட்டது அவர். ஸ்குரூடிரைவர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர். நீங்கள் இருவரும் சேர்ந்து பார்த்த வேலையில் நசுங்கிப்போனது அவர் கை, உன் கை இல்லை. விசாரணையில் நீ சொன்னதைத்தான் எழுதிக்கொண்டார்கள். "அவர்தான் கரண்டை மறுபடி போடச் சொன்னார், அப்புறம் என்னிடம் சொல்லாமலே லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டார்." கவனக்குறைவு என்று அவர் தலையில் எழுதி வெளியே அனுப்பினார்கள். இருபது வருடம் லிஃப்ட் பார்த்தவர், வண்டி நிறுத்துமிடத்துக் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வருகிற வண்டி நம்பரை இடது கையால் எழுதுவதற்காகத் தினமும் ஒரு பக்கம் சின்னப்பிள்ளை மாதிரி எழுதிப் பழகினார். ஒன்பதை எப்போதும் திருப்பிப் போடுவார். இத்தனைக்கும் உன்னைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் உனக்கு ஆகாதவர் என்றால், அவருக்கு நீ யார்?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். உன்னைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். அன்றைக்கு மேலே அந்த லிஃப்ட் மெஷின் ரூமில் என்ன நடந்தது என்று நான் உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். ஆண்டுப் பராமரிப்பு வேலை, தலைக்கு மேல். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மூச்சு முட்டல் எனக்கு அப்படியேதான். இப்போது கதவு மூடிய பஸ்ஸிலும் வருகிறது.

நீ திட்டியது சரி. நர்ஸம்மாவும் அதைத்தான் வேறு மாதிரி சொன்னார். "நீங்க அவரை மன்னிக்கிற மாதிரி உக்காந்திருக்கீங்க. கொஞ்சம் இறங்கி உக்காருங்க" என்றார். இறங்கி உட்கார்ந்தும் பார்த்துவிட்டேன். தினமும் காலையில் ஒரு மணி நேரம். உனக்குச் சொல்லும்போது நெஞ்சு இளகுகிறது. அந்த டயர்காரருக்குச் சொன்னால்கூட ஏதோ ஒரு கதகதப்பு. அத்தானுக்குச் சொன்னால் சுவரில் தண்ணீர் ஊற்றின மாதிரி வழிந்து போகிறது.

போன ஞாயிறு இதைச் சொன்னதும் நர்ஸம்மா என் முகத்தையே பார்த்தார். "அவர் உயிரோடதானே இருக்கார்?" என்று கேட்டார். மைத்திரிக்கு இறந்தவரை வைத்துக்கொள்ளக் கூடாதாம், அது பழைய விதி. எவ்வளவு முயன்றாலும் மனம் அங்கே நிலைக்காதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்பதான் அக்கா லெட்டர் போட்டாங்க, கைவலிகூட இல்லையாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கேட்டுப் பாருங்கள் என்றார். அவருக்காக இதை எழுதுகிறேன். அத்தான் நலம்தானே?

நீ கேட்டதற்கு நேரில் வரும்போது பதில் சொல்கிறேன். கடிதத்தில் எழுதினால் ஒன்று கூடும், ஒன்று குறையும்.

உன் தம்பி


ஜூலை 4

தம்பிக்கு,

உடம்பு பரவாயில்லை.

நேரில் என்று சொல்லி இன்னும் ஆறு வருடம் ஓட்டுவாய். என்னிடம் சொல்ல முடியாவிட்டால் அத்தானுக்கே எழுது. அவர் பேர் போட்டு, அவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி எழுது. நான் படித்துக் காட்டுகிறேன்.

அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 20

மதிப்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் அப்படித்தான் தொடங்கத் தெரிகிறது. நீங்கள் நலம்தானே என்று அக்காவிடம் கேட்டேன். அவள் அதற்குப் பதில் எழுதவில்லை. என் மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு வாரமாக இதை எழுதிக் கிழிக்கிறேன். இன்றைக்கு எப்படி வருகிறதோ அப்படி அனுப்பிவிடுவேன்.

அன்று காலை நீங்கள் கீழே குழிக்குப் போனீர்கள், நான் மேலே மெஷின் ரூமுக்கு. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டு மாட்டிவிட்டு, அதன் பிறகுதான் படிவத்தில் டிக் அடிக்க வேண்டும். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். நான் ஏறின களைப்பில் ஓரமாக உட்கார்ந்து படிவத்தை முதலிலேயே டிக் அடித்து முடித்தேன். எல்லாருமே அப்படிச் செய்வார்கள், நீங்கள் மட்டும்தான் செய்யமாட்டீர்கள். பன்னிரண்டு டிக். அதில் ஒன்று, சுவிட்ச் அணைக்கப்பட்டது என்பது. அடித்து முடித்ததும் வேலையே முடிந்த மாதிரி இருந்தது. அப்போது கீழேயிருந்து போன் போட்டு, "ஆஃப் பண்ணிட்டியாடா?" என்று கேட்டீர்கள். "ஆச்சு அத்தான்" என்றேன். எழுந்து பார்க்கவில்லை. சுவிட்ச் எனக்கு இரண்டு எட்டுத் தள்ளி இருந்தது.

மூன்றாம் மாடியில் யாரோ பட்டனை அழுத்தினார்கள்.

விசாரணையில் அந்தப் படிவத்தை என் முன்னால் வைத்தார்கள். டிக் இருக்கிறது, லிஃப்ட் எப்படி ஓடியது என்று கேட்டார்கள். அணைத்தேன், நீங்கள்தான் மறுபடி போடச் சொன்னீர்கள், அப்புறம் சொல்லாமல் இறங்கிவிட்டீர்கள் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் கையெழுத்துப் போடும்போது யோசித்துத்தான் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அடுத்த வருடம் சூப்பர்வைசரும் ஆனேன்.

நீங்கள் போடச் சொல்லவில்லை. இறங்குமுன் கேட்டீர்கள். நான் பொய் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்கிற தைரியம் இன்னும் வரவில்லை. நடந்தது இதுதான் என்று உங்கள் காதில் விழட்டும்.

உங்கள் மைத்துனன்


ஆகஸ்ட் 28

தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேனே. வீட்டில் யாரும் இல்லை.

அத்தான் போன டிசம்பர் பதினாலாம் தேதி போய்ச் சேர்ந்துவிட்டார். வேலைக்குப் போனவர், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே. நெஞ்சு வலி என்றார்கள். உன் முதல் கடிதம் வந்தபோது அவர் போய் எட்டு வாரம் ஆகியிருந்தது.

கை வலி சொல்வதில்லை, கோபதாபம் இல்லை என்று நான் எழுதியதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. பொய் சொல்லாமலே ஏமாற்ற எனக்கும் வரும், உனக்கு அக்காதானே. உன் முதல் கடிதத்தில் மூச்சு முட்டலையும் இருமலையும் படித்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது, அப்போதே முடிவு செய்தேன். அவர் இறந்ததைச் சொன்னால் நீ ஓடி வந்து அழுவாய், நானும் அழுவேன், அதோடு எல்லாம் மூடிப்போகும். செத்தவரிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று நீ இருந்துவிடுவாய். அவர் உயிரோடு இருக்கிறார் என்று நீ நினைக்கிற வரைக்கும்தான் உன்னிடமிருந்து உண்மை வரும். எனக்கு அது வேண்டியிருந்தது. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு வாரத்தில் அத்தான் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். "நான் கரண்ட போடச் சொல்லல. அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் இறங்கினேன்." நான் அவருக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது" என்றேன். நான் வளர்த்த பிள்ளை என்ற திமிர் எனக்கு. எங்களுக்குப் பிள்ளை இல்லையே, நீதானே பிள்ளை. அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்தார், நான் ஊட்டினேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. உன்மேல் பாசத்தில் பேசாமல் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். என்னிடம் பேசிப் பிரயோசனமில்லை என்று விட்டிருக்கிறார்.

நீ அவரிடம் ஒரு நாள் பொய் சொன்னாய். நான் தினமும் சோறு போட்டுக்கொண்டே அவரைப் பொய்யர் ஆக்கி வைத்திருந்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது உனக்கு மட்டும் இல்லை.

இறந்தவர்மேல் மனம் நிலைக்காது என்று உன் நர்ஸம்மா சொன்னாரே. அப்படியானால் நான் என்ன செய்வது என்று கேட்டு எழுது.

அக்கா


அக்டோபர் 3

அக்காவுக்கு,

நலம் கேட்க முடியவில்லை. நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அதை மட்டும் சொல்.

உன் கடிதம் வந்த அன்று அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. செத்துப்போன மனுஷனுக்கு நாள்தவறாமல் "நலமாக இருக்கட்டும்" என்று என்னைச் சொல்ல வைத்துவிட்டாயே என்று. உன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் வந்தது. இனி உன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

நர்ஸம்மாவிடம் கேட்டேன். இறந்தவருக்கு மைத்திரி இல்லை, நாம் செய்கிற நல்லதை அவர் பேரில் கொடுக்கலாம், அவ்வளவுதான் என்றார். "என்ன நல்லது?" என்றேன். "அது உங்களுக்கே தெரியும். எங்கிட்ட ஏன் கேக்கிறீங்க?" என்றார்.

போன மாதம் பத்தாம் தேதி கம்பெனியில் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டேன். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "ஆளும் இல்லங்கிறீங்க, யாரும் கேக்கவும் இல்ல, இது எதுக்கு இப்ப?" என்றார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். லைசென்சும் போகும். பழைய விசாரணையைத் திறந்து, அத்தான்மேல் தவறில்லை என்று திருத்தி வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

எனக்கு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. மூச்சு இன்னும் முட்டுகிறது. தினமும் உட்காருகிறேன், நான்காவது ஆளை விட்டுவிட்டு. வேறு ஒருவரையும் அங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வரவா அக்கா? வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

உன் தம்பி


நவம்பர் 11

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம்தான் வந்தால் வருகிறது. முழங்காலுக்கு ஊசி போட்டார்கள்.

கம்பெனிக் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. பதிவுத் தபால், பழைய ரெக்கார்டில் உள்ளபடி அத்தான் பேருக்கே. தபால்காரர் புதுசு. "அவர்தாம்மா கையெழுத்துப் போடணும், கூப்பிடுங்க" என்றார். உன்னிடம் ஆறு மாதம் சாமர்த்தியமாக மறைத்தவள், அன்றைக்குப் பட்டென்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் இறந்துபோய் பதினோரு மாதம் ஆகிறது என்றேன். தபால்காரர் பாவம், வருத்தப்பட்டார். உறைமேல் ஏதோ எழுதித் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் தவறில்லை என்று எழுதின காகிதம் வாசல்வரை வந்து போயிற்று. நான் கையால் தொடக்கூட இல்லை.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். முகவரிக்காரர் இல்லையென்று திரும்பி வந்த கடிதத்தைச் சும்மா கொடுக்கமாட்டார்களாம். நான் மனைவி என்பதற்கு இருக்கிற காகிதமெல்லாம் காட்டினேன். போதாதாம். அவரையும் அந்தச் சம்பவத்தையும் நேரில் தெரிந்த ஒருவர் வந்து, அதிகாரி முன்னால் வாக்குமூலம் சொல்லி, சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். உன் பேரைச் சொன்னேன்.

மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதவில்லை. இப்போது எழுதினால் அது உண்மையாக இருக்காது. உன்மேல் பாசம் போகவும் இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கின்றன. என்னை நானே என்ன செய்வது என்பதும் தெரியவில்லை.

இருபத்தி நாலாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணி. நேரே ஆபீசுக்கு வந்துவிடு. அன்றைய விசாரணைக்கு நான் வரவில்லை. என் தம்பி சொல்வதைப் போய்ச் சரிபார்க்க வேண்டுமா என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். இந்தத் தடவை உன் பக்கத்தில்தான் நிற்பேன். எழுதிக்கொடுத்ததை நீட்டிவிட்டுச் சும்மா நிற்காதே. அவர் கேட்டுவிட்டுத்தான் இறங்கினார் என்பதை வாயால், சத்தமாகச் சொல். நான் கேட்க வேண்டும்.

அக்கா